கொல்லையில் நுழைந்தவனைக் கொல்லலாமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக உங்களிடம் விதை, உரம், பூச்சி, பாசனம் என்று பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். பயிரைக் காப்பது பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் பூச்சியிடமிருந்து அல்ல, மனிதனிடமிருந்து.

சில மாதங்களுக்கு முன் பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் உழவர் உதவியகத்துக்கு வந்தார். வழக்கமாக நெல்லுக்கு மருந்து கேட்டு வருகிறவர். அன்றைக்கு முகம் வாடியிருந்தது.

"சார், மருந்து கேக்க வரல. மோட்டார் கொட்டாயில கேபிள் ஒயரை மூணாவது தடவையா அறுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க. தண்ணி இல்லாம பயிர் காயுது. ஸ்டார்ட்டர்லேர்ந்து ஒரு கம்பி இழுத்து ராத்திரியில கொல்லையைச் சுத்திக் கட்டிடலாம்னு இருக்கேன். எப்படிக் கட்டணும்னு நீங்கதான் சொல்லணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தொட்டவன் செத்துப் போவானே, அய்யா" என்றேன்.

"சாவட்டுமே சார். என் நிலம், என் கம்பி. எங்க தாத்தா சொல்லுவாரு, பிரெஞ்சுக்காரன் காலத்துல ராத்திரியில சுவர் ஏறிக் குதிச்சவனைச் சுட்டுட்டா கேள்வியே கிடையாதுன்னு."

அவர் கெட்ட மனிதர் அல்ல. மூன்று முறை ஏமாந்த ஆத்திரம் அப்படிப் பேச வைத்தது. அவரை உட்கார வைத்துச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல, விவசாயம் படித்தவன். ஆனாலும் சட்டத்தைப் படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பேசுகிறேன்.

தாத்தா சொன்னது பாதி உண்மை

பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். அதில் 329ஆவது பிரிவு என்று ஒன்று. ஆள் குடியிருக்கும் வீட்டின் சுவரையோ வாசலையோ, வீட்டைச் சேர்ந்த இடங்களின் மதிலையோ இரவு நேரத்தில் ஏறிக் குதித்தோ உடைத்தோ வருகிறவனைத் தடுக்கும்போது உயிர் போனால் அதைத் தற்காப்பாகக் கருதலாம் என்றது அந்தப் பிரிவு. தாத்தா காதில் விழுந்தது இதுதான். ஆனால் அங்கேயும் பேச்சு வீட்டைப் பற்றியது. திறந்த வெளியில் கிடக்கும் கொல்லையைப் பற்றி அது பேசவில்லை.

அந்தக் காலமும் போய்விட்டது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி நம் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடக்கிறது. பெயரும் பிரிவு எண்களும் மாறின. தற்காப்பைப் பற்றிய சாரம் பெரும்பாலும் பழையதுதான்.

இன்னொன்று. நம் ஊர்கள் தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. வீடு பாகூரில், நிலம் கடலூர் மாவட்டத்தில் என்று இருப்பவர்கள் உண்டு. வீடு மண்ணாடிப்பட்டில், நிலம் விழுப்புரம் மாவட்டத்தில் என்றும் உண்டு. இந்தச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேதான்.

உயிருக்கு ஆபத்து என்றால்

சட்டம் உங்களைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது என்று 34ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் உடம்பைக் காக்கலாம், பிள்ளையின் உடம்பைக் காக்கலாம், வழியில் போகும் அந்நியன் உடம்பையும் காக்கலாம். பொருளைக் காக்கவும் உரிமை உண்டு.

ஆனால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு எப்போது போகலாம்? உடம்பைப் பொறுத்தவரை 38ஆவது பிரிவு பட்டியல் தருகிறது. உயிர் போகும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமாக அஞ்ச வைக்கும் தாக்குதல், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை அதில் வருகின்றன.

ஓர் உண்மை வழக்கைக் கேளுங்கள். 1991இல் பஞ்சாபில் ஒரு நிலத் தகராறு. வயலில் ஒருவர் வெட்டும் ஆயுதத்தால் ஒரு பெரியவரைத் தாக்கினார். கூட இருந்த மகன் துப்பாக்கியால் சுட்டார். தாக்கியவர் இறந்தார். கீழ்க்கோர்ட்டு மகனை விடுதலை செய்தது. உயர்நீதிமன்றம் தண்டித்தது. கடைசியில் 2010 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தற்காப்புதான் என்று விடுதலை செய்தது. தர்சன் சிங் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். கண்ணெதிரே வெட்ட வரும்போது கோழைபோல் ஓடத் தேவையில்லை; பதற்றத்தில் இருப்பவன் கைவீச்சைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கவும் முடியாது என்பதே கோர்ட்டுகள் சொல்லி வருவது.

ஆனால் ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். நியாயம் தன் பக்கம் இருந்தும் அந்தக் குடும்பம் சுமார் பத்தொன்பது ஆண்டு வழக்கைச் சுமந்தது. எத்தனை போகம் போயிருக்கும்!

பொருளுக்கு ஆபத்து என்றால்

இங்கேதான் பலரும் தப்பாக நினைக்கிறோம். "என் பொருளை எடுத்தான், அதனால் அடித்தேன்" என்றால் சட்டம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் என்பது நினைப்பு. அப்படி இல்லை. பொருளைக் காக்க உயிர் போகும் அளவுக்குச் செல்ல 41ஆவது பிரிவு நான்கே நான்கு சந்தர்ப்பங்களைத்தான் அனுமதிக்கிறது.

முதலாவது, கொள்ளை. கத்தியைக் காட்டியோ அடித்தோ மிரட்டியோ பறிப்பது. சும்மா எடுத்துக்கொண்டு ஓடுவது கொள்ளை ஆகாது, அது திருட்டு.

இரண்டாவது, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் வீடுடைப்பு. பூட்டை உடைத்தோ, சுவர் ஏறியோ, ஓட்டைப் பிரித்தோ உள்ளே வருவது. பொருள் வைத்துக் காக்கும் கட்டடமும் இதில் சேரும். ஆகவே பூட்டிய மோட்டார் கொட்டகையை இரவில் உடைப்பவன் இந்த வகையில் வரக்கூடும். வரப்பைத் தாண்டிக் கொல்லைக்குள் வருகிறவன் இதில் வரமாட்டான். கொல்லை வீடல்ல, வரப்பு சுவரல்ல.

மூன்றாவது, ஆள் குடியிருக்கும் இடத்துக்கோ பொருள் காக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது, வெடி வைப்பது. வைக்கோற்போர் கட்டடம் ஆகாது. ஆனால் அந்தத் தீ வீட்டைப் பற்றி ஆள் எரியும் நிலை என்றால் அடுத்த வகை பொருந்தும்.

நான்காவது, திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ நடக்கும்போது, "இப்போது தடுக்காவிட்டால் உயிர் போகும், இல்லை கொடுங்காயம் வரும்" என்று நியாயமாக அஞ்ச வைக்கும் நிலை. தேங்காய் திருடுகிறவன் அரிவாளைத் திருப்பிக்கொண்டு உங்கள் மேல் பாய்ந்தால், அந்த நொடியில் பேச்சு தேங்காயைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது.

இந்த நான்கிலும் அடங்காத திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் 42ஆவது பிரிவு. தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையான அளவு பலம் காட்டலாம். வேண்டுமென்று உயிரை எடுக்கக் கூடாது. முந்திரிக் கொல்லையில் பழம் பொறுக்குகிற பையன், வேர்க்கடலையைப் பிடுங்குகிறவன், ஆட்டை ஓட்டிவந்து மேய்க்கிறவன், எல்லாரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

மூன்று கடிவாளங்கள்

நான்கு சந்தர்ப்பங்களில் ஒன்று இருந்தாலும் குதிரைக்குக் கடிவாளம் உண்டு. 37ஆவது பிரிவு மூன்று கடிவாளம் போடுகிறது.

ஒன்று, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. தலைக்கு மேல் அரிவாள் இருக்கும்போது போன் போடச் சொல்லவில்லை. ஆனால் "நாளை ராத்திரி வருவான், பார்த்துக்கொள்கிறேன்" என்று இன்றே ஆள் சேர்த்து வைத்தால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை.

இரண்டு, தடுப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். டார்ச் அடித்துக் கத்தினால் ஓடுகிறவனுக்குத் தடி எதற்கு? தடியால் விழுந்துவிட்டவனுக்குக் கடப்பாரை எதற்கு? பூச்சிமருந்துபோல் நினைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைத்த அளவுக்கு மேல் அடித்தால் பயிரும் கருகும்.

மூன்று, அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு தம் கடமையைச் செய்ய வரும்போது இந்த உரிமை எடுபடாது. அளக்க வந்த சர்வேயர் மேலோ, ஜப்திக்கு வந்த அமீனா மேலோ கை வைத்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அவர்களால் உயிர் போகும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமாக அஞ்ச நேர்ந்தால் மட்டும் வேறு பேச்சு.

ஆபத்தின் நடுவே நல்லெண்ணத்தில், முன்திட்டம் இல்லாமல், அளவு கொஞ்சம் மீறிப்போனால் கோர்ட்டு அதைக் கொலை என்று எடுக்காமல் அதற்குக் குறைந்த குற்றமாக எடுக்க இடம் உண்டு. ஆனாலும் அது குற்றம்தான், சிறைதான்.

ஓடுகிறவன் முதுகில் ஆபத்து இல்லை

1962இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ஜெய்தேவ் வழக்கும் வயல் தகராறுதான், அதுவும் அன்றைய பஞ்சாப் மாநிலத்தில் நடந்தது. நிலம் கையில் இருந்தவர்களை எதிர்த்தரப்பு திரண்டு வந்து தாக்கியது. திருப்பித் தாக்க அவர்களுக்கு முதலில் உரிமை இருந்தது என்பதைக் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. ஆனால் வந்தவர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் துப்பாக்கி ஓயவில்லை. தூரத்தில் இருந்தவர்களையும் சுட்டார்கள். ஆபத்து தீர்ந்த அந்த நிமிடமே உரிமையும் தீர்ந்தது என்று சொல்லி, சுட்டவர்களைக் குற்றவாளிகள் என்றே கோர்ட்டு தீர்த்தது.

மழை பெய்யும்போதுதான் குடை. விட்ட பிறகு அதே குடையால் மேகத்தை அடிக்க முடியுமா? அதுபோல, பிடித்துக் கட்டிப்போட்டவனை ஊர்கூடி அடிப்பதும் தற்காப்பில் சேராது. அந்த அடியில் அவன் செத்தால், அடித்தவர் அத்தனை பேரும் கொலை வழக்கில் நிற்க நேரிடும். "நான் ஒரே ஒரு அடிதான் அடிச்சேன்" என்பது அப்போது உதவாது.

வரப்புத் தகராறுக்கும் இதே அளவுகோல்தான். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் அரை அடி கொத்திவிட்டார் என்றால் போலீஸில் எழுதிக் கொடுங்கள், நிலத்தை அளக்க மனுப் போடுங்கள், கோர்ட்டில் தடை வாங்குங்கள். அரை அடி மண்ணை அளந்து மீட்கலாம். போன உயிரை எந்தச் சர்வேயரும் அளந்து தர மாட்டார். வேறொருவர் ஆண்டாண்டாக உழுது நிலையாக அனுபவித்து வரும் நிலத்தில், பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும், ஆள் பலத்தோடு இறங்கக் கூடாது. அதற்கும் வழி கோர்ட்டுதான்.

கம்பிக்குக் கண் கிடையாது

இப்போது பாகூர்ப் பெரியவரின் கம்பிக்கு வருவோம்.

அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். "ராத்திரியில உங்க கொல்லைக்குள்ள யார் யார் கால் வைப்பாங்களோ, அவங்க பேரையெல்லாம் எழுதுங்க" என்றேன். யோசித்து யோசித்து எழுதினார். முறைத் தண்ணீர் திருப்ப வரும் பக்கத்து நிலத்துக்காரர். அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைத் தேடி வருகிறவர். கரண்டு நின்றால் வரும் லைன்மேன். இருட்டில் ஒதுங்க வரும் பெண்கள். கடைசிப் பெயரை எழுதும்போது அவர் கை நின்றுவிட்டது. அவர் தம்பி மகன். மோட்டார் போட ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவன் அவன்தான்.

திருடன் பேர் அந்தக் காகிதத்தில் ஒன்று. மற்றவர்கள் ஏழு.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். தற்காப்பு உரிமையைச் சட்டம் கொடுத்திருப்பது ஆபத்தைக் கண்ணால் கண்டு, மனத்தால் எடை போட்டு, போதும் என்றால் கையை நிறுத்தக்கூடிய மனிதனுக்கு. கம்பிக்குக் கண் இல்லை. வந்தவன் திருடனா, தம்பி மகனா என்று அது கேட்காது. அவன் ஓடுகிறானா, நிற்கிறானா என்று பார்க்காது. சாயங்காலம் கம்பி கட்டும்போது உங்கள் எதிரே எந்த ஆபத்தும் இல்லை. கம்பி கட்ட நேரம் இருந்தது என்றால் போலீஸுக்குச் சொல்லவும் நேரம் இருந்தது என்றே ஆகும்.

இதை உச்சநீதிமன்றம் 1963லேயே தீர்த்துவிட்டது. பீகாரில் ஒருவர், அக்கம்பக்கத்தார் தம் கக்கூஸைப் பயன்படுத்துவது பிடிக்காமல், அதற்குப் போகும் வழியில் மின்சாரம் ஓடும் வெறும் கம்பியைக் கட்டினார். எச்சரிக்கைப் பலகை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தொட்டு இறந்தாள். "என் இடம், என் உரிமை" என்று அவர் வாதாடினார். கோர்ட்டு ஏற்கவில்லை. அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக அவர் உயிருக்குச் சட்டத்தின் காவல் போய்விடாது என்றது. தண்டனை உறுதியானது. செரூபின் கிரிகோரி வழக்கு என்று இன்றும் எடுத்துக்காட்டப்படுவது இது.

கடல் கடந்தாலும் கதை இதேதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிரைனி என்ற விவசாயத் தம்பதிக்கு ஆளில்லாத பழைய பண்ணைவீடு ஒன்று இருந்தது. அடிக்கடி திருட்டு. 1967இல் கதவைத் திறந்தால் தானே வெடிக்கும்படி உள்ளே துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். பழைய பாட்டில்களை எடுக்க நுழைந்தவன் காலில் குண்டு பாய்ந்தது. அவன் திருட வந்தவன்தான். அப்படியும் அவனுக்கு 30,000 டாலர் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1971இல் அயோவா உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அந்தக் கடனைக் கட்ட அந்தத் தம்பதி 80 ஏக்கர் நிலத்தை இழந்தார்கள்.

நம் பக்கத்தில் எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் என்று இழுத்த கம்பியில் மனிதர்கள் சாவதைப் பேப்பரில் படிக்கிறோம். சில சமயம் கட்டியவரே மறந்துபோய்த் தொட்டுச் சாகிறார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. நிலத்துக்காரர் கைதானார்.

மனித உயிர் போனால், அஜாக்கிரதை என்று எடுத்தாலே ஐந்தாண்டு வரை சிறை. சாவு வரும் என்று தெரிந்தே கட்டியதாக நிரூபித்தால் பத்தாண்டு, அதற்கு மேலும் போகலாம். மின்திருட்டு வழக்கும் கூடச் சேரும்.

பின்னே என்னதான் செய்வது?

வேலி வேண்டும் என்றால் சூரிய மின்வேலி போடுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டில் விடாமல் ஓடுவது. ஈரக் காலோடு தொட்டால் தசை இறுகி, கையை எடுக்க முடியாமல் இதயம் நின்றுபோகும். சூரிய மின்வேலியில் பேட்டரியிலிருந்து தரச்சான்று பெற்ற கருவி வழியாக, விநாடிக்கு ஒரு தரம், ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மட்டும் துடிப்பு வருகிறது. சுரீர் என்று உதறித் தள்ளும், பிடித்து வைக்காது. கருவியை மாற்றி நேரே லைன் கம்பியைச் சேர்த்தால் அதுவும் எமன்தான். எச்சரிக்கைப் பலகை கட்டாயம். நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால், அங்கே 2023 முதல் மின்வேலிக்குப் பதிவு விதிகள் உள்ளன, விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

மோட்டார் கொட்டகைக்கு நல்ல பூட்டு, ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைப்பது ஆகியவை திருடனைச் சலிக்க வைக்கும். நாலைந்து நிலத்துக்காரர்கள் முறை வைத்துக் காவல் இருங்கள். திருட்டு நடந்தால் ஒவ்வொரு முறையும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவசரத்துக்கு 112.

இத்தனைக்குப் பிறகும் உயிருக்கே ஆபத்து வந்து கை ஓங்க நேர்ந்துவிட்டால், ஓடி ஒளியாதீர்கள். அடிபட்டவரைக் காப்பாற்ற ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். நீங்களே முதலில் போலீஸில் சொல்லுங்கள். உங்கள் காயத்தை அரசு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அது நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பாகூர்ப் பெரியவர் அன்றைக்குக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த மாதம் அவர் நிலத்துக்குப் போனேன். மோட்டார் கொட்டகையில் புதுப் பூட்டு, கேபிள் மண்ணுக்குள். கொல்லையைச் சுற்றிக் கம்பி எதுவும் இல்லை. "ஒயரு போனா ஆறாயிரம் எட்டாயிரம், சார். அந்தப் பையன் போனா நான் எங்க போய் வாங்குவேன்?" என்றார்.

உழவர் பெருமக்களே, உங்களைக் காத்துக்கொள்ள சட்டம் கொடுத்த உரிமை பெரியது. ஆபத்து கண்ணெதிரே நிற்கும்வரை அது உங்களோடு நிற்கும். ஆபத்து போனால் அதுவும் போய்விடும். இதை வீட்டில் பிள்ளைகளுக்கும், கொல்லையில் காவல் இருக்கும் ஆளுக்கும் சொல்லி வையுங்கள். இன்று ராத்திரி எங்கேயாவது கம்பி கட்டியிருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் இப்போதே போய் மெயினை அணைத்து அதை அவிழ்த்துவிடுங்கள்.